பிரம்பு கேட்டு எழுதிய மகளுக்கு

அன்புள்ள பாக்கியத்துக்கு அப்பா எழுதுவது.

நேற்று வடசேரியில் என்னைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். டிக்கெட்டுக்குக் கொடுக்கச் சக்கரக் காசு இல்லாமல் அல்ல, குடித்து ஆடிக்கொண்டு போய் நின்றதாலும் அல்ல. நீ கேட்டு எழுதியிருந்த பிரம்பைப் பழைய காகிதத்தில் சுற்றி, சணலால் கட்டி, குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்குப் புறப்பட்டேன். உன் கையில் கொடுத்துவிட்டு, உன் பள்ளிக்கூடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம். சந்தை முக்கில் பஸ் நின்றது. காக்கிச் சட்டையும் முறுக்கு மீசையுமாக வாசலில் நின்ற கண்டக்டர் என்னைக் கண்டதும் "சாரே!" என்று சிரித்தான். தங்கையன். என்னிடம் நான்காம் வகுப்பைப் பிடிவாதமாக இரண்டு வருடம் படித்தவன். நானும் சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தேன். காகிதம் ஒரு பக்கம் கிழிந்து பிரம்பின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்தானோ இல்லையோ, தங்கையன் டிக்கெட் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

பஸ்ஸில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காய்கறிக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள், "ஏ மக்கா, இம்புட்டு மீசைய வச்சிக்கிட்டு வாத்தியாருக்குப் பயப்படுதியே" என்றாள். தங்கையன் மெதுவாகக் கைகளை வெளியே எடுத்து, அவை தன்னுடையவைதானா என்று பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பயம் ஒண்ணும் இல்லக்கா. கை தானாப் போவுது" என்றான். பிறகு என்னிடம், "சாரே, நீங்க ஏறுங்க. அது ஏறாது. அந்த வெத்திலக் கடையில வச்சிட்டு வாங்க" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வழியை விட்டு விலகவில்லை. நானும் விளையாட்டாகவே இறங்கினேன். இறங்கினவன் பிறகு ஏறவில்லை. பஸ் போனபின் வெயிலில் பிரம்பும் கையுமாக வீட்டுக்கு நடந்தேன். வழியில் இரண்டு பேர், "என்ன சாரே, மறுபடியும் உத்தியோகம் கெடச்சிட்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு வெட்கமாக இருந்தது என்று தெரியவில்லை.

உன் அஞ்சல் கார்டு இதோ மேஜைமேல் கிடக்கிறது. ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருக்கிறாய். மூன்றாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் கரைமடி வலை இழுத்துவிட்டு, செதிள் ஒட்டின கையோடு, மணி அடித்து வெகுநேரம் கழித்து வருகிறார்கள். மீதிப் பேர் தூங்குகிறார்கள், அல்லது ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். சூசை என்று ஒருவன் நீ பேசுவதுபோலவே பேசிக்காட்டி வகுப்பைச் சிரிக்க வைக்கிறான். கடற்கரையிலிருந்து கறுப்பு மணலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து முன்னால் இருப்பவன் தலையில் கொட்டுகிறான். இரைச்சல் ஹெட்மாஸ்டர் அறைவரை கேட்கிறது. அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் முன்னால் வகுப்பு இப்படி இருந்தால் உன் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். 'கடையில் வாங்கிய பிரம்பு நாலு அடியில் பிய்ந்துபோகிறது. உங்கள் பிரம்பைக் கொடுத்துவிடுங்கள் அப்பா' என்று முடித்திருக்கிறாய். 'நாலு அடியில்' என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்படியானால் நீ ஏற்கெனவே தொடங்கிவிட்டாய்.

உனக்கு நான் புத்தி சொல்ல முடியாது. நான் படித்தது ஏழாம் வகுப்பு. நீ டிரெயினிங் முடித்தவள். குழந்தைகளின் மனசைப் பற்றி இங்கிலீஷில் புத்தகம் வாசித்தவள். எனக்குக் கிடைத்த டிரெயினிங் என்னை அடித்த வாத்தியார்கள்தான். அவர்கள் எப்படி நின்றார்களோ அப்படி நின்றேன், எப்படி முறைத்தார்களோ அப்படி முறைத்தேன், அவர்கள் ஓங்கிய உயரத்துக்கே ஓங்கினேன். பிரம்பை எடுக்க ஹெட்மாஸ்டருக்கு மட்டுந்தான் அதிகாரம் என்று சர்க்கார் விதி ஏதோ உண்டென்று சொல்லுவார்கள். அந்த விதி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது. பையனைச் சேர்க்க வருகிற தகப்பனே ஒரு கையில் பையனையும் மறு கையில் ஒரு கட்டுப் புளியம் விளாரையும் பிடித்துக்கொண்டு வருவான். "எலும்பு ஒடையாமப் பாத்துக்கிடுங்க சாரே, மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம்" என்பான். பையன் தன்னை அடிக்கப்போகிற விளாரைத் தானே சுமந்து வந்து மூலையில் சாத்தி வைப்பான். அதில் தப்பாக ஒன்றும் எனக்கு அன்றைக்குத் தெரிந்ததில்லை. பாய் கொண்டுவருகிற மாதிரி, ஸ்லேட் கொண்டுவருகிற மாதிரி, அதுவும் ஒன்று.

என் பிரம்பு விளார் அல்ல. மலையிலிருந்து வரவழைத்த சூரல் கொடி. சனிக்கிழமை தோறும் உனக்கும் அண்ணன் அருமைக்கும் தலையில் எண்ணெய் வைத்தபிறகு, கையில் மிஞ்சியிருக்கிற எண்ணெயை அதற்குத் தடவுவேன். உனக்கு ஞாபகம் இருக்கும். "எனக்கு எண்ணெ போதல்ல, கம்புக்கு மட்டும் போதுமாக்கும்" என்று நீ ஒருநாள் சண்டை போட்டாய். வீடே சிரித்தது. அருமை மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்த வருடந்தான் நான்காம் வகுப்புக்கு, என்னிடம், வந்திருந்தான்.

நான் செய்ததை உன்னிடம் ஒளிக்க முடியாது. அந்த நீள ஹாலில் நான்காம் வகுப்புக்கும் உன் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டி, அவ்வளவுதான். அருமை என் வகுப்பில் வந்து உட்கார்ந்த முதல் நாளே ஐந்தாம் வகுப்பு வாத்தியார் மற்றவர்கள் முன்னால், "இனிமே நாலாம் கிளாஸ்ல ஒரு ராசகுமாரன் உண்டும், பாத்துக்கிடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்துகொண்டேன்: மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு என்றால் என் மகனுக்கு நாலு. வகுப்பு முழுவதையும் அடிக்க வேண்டிவந்தால் அவனிடமிருந்துதான் தொடங்குவது. யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. சொல்லவும் இல்லை. "சாருக்கு ஊரான் பிள்ளை வேற, சொந்தப் பிள்ளை வேறன்னு இல்ல" என்று ஊர் மெச்சியது. மெச்சினவர்கள் யார் கையும் வீங்கவில்லை. கணக்கில் அவனை வெல்ல அந்த வகுப்பில் ஆள் இல்லை. அதற்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, வகுப்பில் நான் அவனை 'நல்லது' என்று சொன்னதில்லை. சொன்னால் ராசகுமாரன் ஆகிவிடுவானே.

அந்த நாளை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. மறுநாள் இன்ஸ்பெக்டர் வரவிருந்தார். பத்து நாள் குனிந்திருந்து ஆஜர் புத்தகத்தைப் புதிதாக எழுதி முடித்திருந்தேன். மத்தியான மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. அவசரமாக எழுந்து, நாற்காலியில் கிடந்த நேரியல் துண்டை எடுத்துத் தோளில் வீசிப் போட்டுக்கொண்டு போனேன். அப்போது முன்பெஞ்சில் அருமை ஒருவன்தான் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டு இருந்தான். திரும்பி வந்தபோது மைக்கூடு கவிழ்ந்து, ஆஜர் புத்தகத்தின் இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தன. "எவன்லேய் மசியக் கொட்டுனது?" என்று கத்தினேன். சட்டாம்பிள்ளை எழுந்து, "அருமைதான் சார் கடேசியா வெளிய வந்தான்" என்றான். அருமை எழுந்து நின்றான். மேஜையைப் பார்த்தான். பிறகு என் தோளைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். திருட்டு முழி என்று நான் முடிவு செய்தேன்.

ஆறு அடி. அவன் அழவில்லை. "சொல்லாட்டா எல்லாருக்கும் உண்டு" என்று வகுப்பை வரிசையில் நிற்கச் சொன்னேன். முதலில் நின்றவன் ஒரு சிறு பையன். கையை நீட்டும்போதே அழ ஆரம்பித்துவிட்டான். அப்போது அருமை, "நான்தான் சார்" என்றான். பள்ளிக்கூடத்தில் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதும் என் சட்டம். இவ்வளவு நேரம் மறைத்ததற்கு இன்னும் நாலு. நீ தட்டி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். அன்று இரவு சோறு வேண்டாம் என்றாயாம். எனக்குப் பிறகுதான் தெரியும்.

சாயங்காலம் உன் அம்மை துணி அலசிக்கொண்டிருந்தவள் என் நேரியலைத் தூக்கிப் பிடித்தாள். நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு மை. நனைந்து ஊறிக் காய்ந்த மை. தெறித்தது அல்ல, தோய்ந்தது. "இது எப்படிப் பட்டுது?" என்றாள். எனக்கு அந்தக் கணமே எல்லாம் தெரிந்துவிட்டது. நான் எழுந்த அவசரம், துணியை வீசின வீச்சு, எல்லாம். "வழியில எங்கயாவது பட்டிருக்கும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "பிள்ளைக்க கையப் பாத்தியளா?" என்று மட்டும் கேட்டாள். நான் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனேன். அந்தக் கறை போகவே இல்லை. கொஞ்ச நாளில் அவள் அந்த நேரியலைக் கிழித்துப் பானை பிடிக்கும் துணியாக்கிவிட்டாள். வருடக்கணக்கில் கறுத்த நுனி அடுப்படியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு அருமை, "நான் இனி வரல்ல சார்" என்றான். அடுப்படியில் நின்றுகொண்டு, என்னை, சார் என்று. வாய் தவறிவிட்டது என்று நினைத்துச் சிரித்தேன். அவன் மாமாவோடு வயலுக்குப் போய்விட்டான். இரண்டு நாளில் வந்துவிடுவான் என்று இருந்தேன். பிறகு ஒரு வாரம். போய்க் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். ஆனால் கூப்பிடப் போனால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும், அது எனக்கு வரவில்லை. அவனுக்கு அப்போது வயது பதினொன்று. உனக்குக் கணக்கு வராமல் நீ அழுத நாளெல்லாம் ஸ்லேட்டில் போட்டுக்கொடுத்தவன் அவன்தான், நான் அல்ல. நீ டிரெயினிங்குக்குப் போனபோது உன் பெட்டியைத் தலையில் வைத்து வடசேரிவரை சுமந்தவனும் அவன்தான். அவன் பார்த்தானா, மைக்கூட்டை என் துணி தட்டியதை அவன் பார்த்தானா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் எப்போதாவது சொல்லியிருப்பான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியாயிற்று.

இதற்குப் பிறகாவது நான் பிரம்பைக் கீழே போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். போடவில்லை. இன்னும் நாலு வருடம் அடித்தேன். கடைசியில் திருந்தியது என் மனசு அல்ல, என் தோள். ஒரு மழைக்காலத்தில் வலது தோளில் வாதம் பிடித்தது. கையை மார்புக்கு மேலே தூக்க முடியவில்லை. இடது கையால் முயன்றேன். பிரம்பு என் காதிலேயே பட்டது. வகுப்பு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது. நாற்பது பிள்ளைகள், கையில் ஒன்றும் இல்லாத வாத்தியார். அன்றைக்குத்தான் முதன்முதலாக, இதுகளிடம் என்ன பேசுவது என்று யோசித்தேன்.

தங்கையன் அப்போது ஒரு தடவை தோற்று மறுபடியும் என்னிடமே வந்து சேர்ந்திருந்தான். தினமும் தாமதம். முந்தின வருடம் அதற்காக அவன் வாங்காத அடி இல்லை. ஒருநாள்கூட அதனால் சீக்கிரம் வரவில்லை. அடிக்க முடியாத கொடுமையில் ஒருநாள், "ஏன்லேய் மக்கா, அப்படி என்னதான் செய்யுதே காலம்பற?" என்று கேட்டேன். ஒரு வருடம் அடித்தவன் அதற்குள் ஒருமுறை கேட்டிருக்கலாம். "அப்பா பனை ஏறும் சார். நான் அக்கானி சுமந்து அம்மைக்கிட்ட கொடுக்கணும். அது கருப்பட்டிக்குக் காய்ச்ச அடுப்புல ஏறுன பொறவுதான் வர முடியும்" என்றான். மணி அடிக்கிற வேலையை அவனிடம் கொடுத்தேன். நீ வந்து அடித்தால்தான் பள்ளிக்கூடம் தொடங்கும் என்றேன். ஹெட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் தங்கையன் தகப்பனைக் கோழி கூவுமுன்னே எழுப்பி மரத்தில் ஏற்றிவிட்டானாம். தகப்பன் என்னிடம் வந்து, "சாரே, நீங்க அவன அடிச்சிட்டே இருந்திருக்கலாம், நான் கொஞ்சம் ஒறங்கியிருப்பேன்" என்றான். அந்த வருடம் முழுவதும் மணி ஒரு நிமிஷம் பிந்தவில்லை. ஆனால் பாக்கியம், நேற்று அந்தப் படியில் அவன் கைக்கு மணி ஞாபகம் வரவில்லை. அதையும் அந்தக் கைதான் ஒரு வருடம் அடித்தது. பிரம்பின் நுனியைக் கண்டதும் ஞாபகம் வந்தது அதற்கு முந்தின வருடந்தான். பிற்பாடு செய்த நல்லது முன்னால் செய்ததை அழித்துவிடும் என்று நான் இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். வாத்தியார் வெளியே போனால் சட்டாம்பிள்ளை பேசினவன் பெயரையெல்லாம் பலகையில் எழுதி வைப்பான் அல்லவா, திரும்பி வந்து அந்த வரிசைப்படி அடிப்போம். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 'நல்லது செய்தவன் பெயரை எழுதுலே' என்றேன். முதல் நாள் பலகையில் ஒரே பெயர், சட்டாம்பிள்ளையின் சொந்தப் பெயர். இரண்டாம் நாள் அவனுக்கு நெல்லிக்காய் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் இருந்தது. பிறகு அவனை விட்டுவிட்டு, வீட்டுக்கு விடுகிற நேரத்தில் ஒவ்வொருவனும் தன்னுடையது அல்லாத ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அவன் என்ன செய்தான் என்றும் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். 'பென்சில் தந்தான்', 'தண்ணி எடுத்துத் தந்தான்', 'விழுந்தப்ப சிரிக்கல்ல'. மாடசாமி என்று ஒரு முரடன் இருந்தான். எட்டு நாள் அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவன் அதைக் கவனிக்காதவன்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பான். ஒன்பதாம் நாள் தங்கையன் எழுந்து, "சார், மாடசாமி இன்னைக்கு என்னைய அடிக்கல்ல" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மாடசாமி சிரிக்கவில்லை. மறுநாள் தலையில் எண்ணெய் வழிய வழியச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பையன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அருமை ஞாபகம் வரும். அவன் இருந்த நாளில் இப்படி ஒரு சாயங்காலம் என் வகுப்பில் கிடையாது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எண்ணிவிடாதே. என் குடையைத் திருடினது யார் என்று இன்றுவரை தெரியாது. இரைச்சல் அடங்கவும் இல்லை. வேறு மாதிரி இரைச்சல் ஆயிற்று, அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னார்கள். அவர் சுற்றும் முற்றும் பார்த்து, "பிரம்பு எங்கே?" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "தோளில் வாதம் சார்" என்றேன். 'பிள்ளைகள் நன்றாகப் பதில் சொல்கிறார்கள், வகுப்பில் அடக்கம் போதாது' என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்து எனக்கு வர வேண்டிய ஹெட்மாஸ்டர் பதவி ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்குப் போயிற்று. தோள் அந்தச் சித்திரைக்குள் சரியாகிவிட்டது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ரிட்டயர் ஆகிற நாள்வரை எனக்கு அந்தத் தோள் வலித்துக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு பொய்யின் நிழலில்தான் உன் அப்பா நல்ல வாத்தியாராக இருந்தது. அதனால் உன் வேலை நிலைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். போனாலும் போகலாம். போனால் வீட்டுக்கு வா, இங்கே கஞ்சிக்குக் குறைவில்லை.

வேலை இருக்கிற மட்டும் ஒன்று செய்து பார். கரைமடி இழுத்துவிட்டு வருகிற பிள்ளையிடம் 'ஏன் இவ்வளவு நேரம்' என்று கேட்குமுன் 'இன்றைக்கு என்ன மீன் பட்டுது' என்று கேள். அவன் சொல்லச் சொல்ல அதிலேயே கூட்டல் கணக்கைப் போடு. கடைசியாக வந்தவனுக்குத்தான் அன்றைய கணக்கு தெரியும். முதல் மணியில் கதை சொல்லு, தாமதமாக வந்தால் அது போயிற்று என்று அவர்களே ஓடி வரட்டும். விடியுமுன் எழுந்த பிள்ளை தூங்கினால் கொஞ்சம் தூங்க விடு. பாடம் எங்கேயும் ஓடிப்போகாது. அந்தச் சூசை உன்னைப்போலப் பேசிக்காட்டுகிறான் என்றால் வகுப்பில் உன்னை நன்றாகக் கவனிக்கிறவன் அவன் ஒருவன்தான் என்று அர்த்தம். பாடத்தில் நரியும் ராஜாவும் வருகிற இடமெல்லாம் அவனை வாசிக்கச் சொல், குரலை மாற்றி மாற்றி. உன்னைப்போலப் பேசிக்காட்டினால் நீயும் சிரி. எனக்கு அது ஒருநாளும் முடிந்ததில்லை. நீ உன் அம்மையின் மகள், உனக்கு முடியும். ஒரு பிள்ளை குற்றம் செய்தது என்று உனக்குத் தீர்மானமாகத் தெரிகிற நேரத்தில், முதலில் உன் சேலைத் தலைப்பைத் திருப்பிப் பார்த்துக்கொள்.

பிரம்பு வராது, மகளே. அந்த நாளைத் தட்டி ஓட்டை வழியாகப் பார்த்த நீயே அதைக் கேட்டு எழுதினாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை. பார்த்ததையே செய்கிறோம். நானும் அப்படித்தான். நேற்று வடசேரியிலிருந்து வந்ததும் அதை முட்டியில் வைத்து முறிக்கப் பார்த்தேன். வளைந்து வளைந்து நிமிர்கிறது. என் முட்டிதான் நோகிறது. இத்தனை வருடம் நானே எண்ணெய் போட்டு வளர்த்தது அல்லவா, என் பேச்சை எப்படிக் கேட்கும்.

அருமையைப் பற்றி ஊரில் என்ன சொல்லுகிறார்கள் தெரியுமா? 'இந்தக் காலத்துல இப்படி ஒரு மகனா, தகப்பன் உள்ள வந்தா எழும்பி நிக்கான் பாருங்க' என்கிறார்கள். உண்மைதான். இருபத்துநாலு வயதாகிறது, என்னைவிட ஒரு முழம் உயரம், நான் உள்ளே நுழைந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுகிறான். மரியாதை என்று நினைக்கிறவர்களுக்கு, அப்படி நிற்கிறபோது அவன் வலது கை எங்கே போகிறது என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் போகிறது. நேற்று அந்தப் பஸ்ஸின் படியில் நிற்கும்வரை எனக்கும் அது விளங்கியதில்லை.

இந்த இடம்வரை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் வயலிலிருந்து வந்தான். நல்ல பகல் வெளிச்சம், கதவு திறந்திருந்தது. மேஜைமேல் இந்தக் காகிதங்கள், உன் கார்டு, மைக்கூடு, குறுக்கே அந்தப் பிரம்பு. பிரம்பை ஒருமுறை பார்த்தான். "இருலேய்" என்று சொல்ல நினைத்து நான் அவன் பக்கம் திரும்பினேன். திரும்பின வேகத்தில் தோளில் கிடந்த நேரியல் சரிந்து மேஜை விளிம்பில் விழுந்தது. மைக்கூடு அந்த விளிம்பில்தான் இருந்தது. அருமை கையை நீட்டினான். பதறவில்லை, அவசரப்படவில்லை, எப்போதும் செய்கிற வேலைபோல, மைக்கூட்டை மெதுவாக எடுத்து மேஜை நடுவில் வைத்தான். வைத்துவிட்டு என் தோளைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அந்த நாளில் வகுப்பில் பார்த்த அதே வரிசையில்.

என் வாய் திறந்தது. "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சு" என்றான். இன்னும் ஏதாவது கேட்பேனோ என்று கொஞ்ச நேரம் நின்றான். தலையைக் குனிந்து வாசலைத் தாண்டி வெளியே போனான். அவன் நின்ற அவ்வளவு நேரமும் என் நாக்கில் ஒரே ஒரு வார்த்தைதான் நின்றது, பாக்கியம். உனக்கு எழுத முடிகிறது, அவனிடம் சொல்ல முடியவில்லை. மசியக் கொட்டுனது நான்தான், மக்கா.